படித்தால் வறுமை போய்விடுமா? கிராமத்து ஏழைக் குடும்பம் போடும் கணக்கு

#1 வரப்பு

"எப்பாடு பட்டாவது பிள்ளையைப் படிக்க வைத்துவிடு, உன் கஷ்டம் தீர்ந்துவிடும்." கூலி வேலைக்குப் போகிறவர்கள் வாழ்நாள் முழுக்கக் கேட்கிற வார்த்தை இது. சொல்கிறவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். அந்தப் பேச்சில் விட்டுப்போகிற ஒன்றைப் பற்றிப் பேசவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

படிப்பால் வருமானம் கூடும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பல நாட்டுத் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த பொருளாதார அறிஞர்கள், கூடுதலாகப் படிக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் சம்பளம் சராசரியாக 9 சதவீதம் அளவுக்கு உயர்வதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். பெண்களுக்கு இன்னும் சற்று அதிகம். இந்தோனேசியாவில் எண்ணெய் வருமானத்தைக் கொண்டு 1970களில் சில ஆண்டுகளுக்குள் 61,000க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளைக் கட்டினார்கள். அந்தப் பகுதிகளில் வளர்ந்த பிள்ளைகள் பின்னாளில் என்ன சம்பாதித்தார்கள் என்று எஸ்தர் டுஃப்லோ ஆராய்ந்து 2001இல் வெளியிட்டார். பள்ளிகள் அதிகம் வந்த இடங்களில் படித்த ஆண்டுகளும் கூடியிருந்தன, கூலியும் கூடியிருந்தது.

ஆனால் இதெல்லாம் லட்சக்கணக்கானவர்களின் சராசரி. கூலிக் குடும்பத்தில் இருப்பது இரண்டு பிள்ளைகள். அவர்கள் எங்கே போய் நிற்பார்கள் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. பள்ளியில் கட்டணமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். பதினான்கு, பதினைந்து வயதுப் பையன் வேலைக்குப் போனால் வீட்டுக்கு வந்திருக்கும் கூலி வராமல் போகிறதே, அதுதான் பெரிய செலவு. அதற்கு யாரும் ரசீது தருவதில்லை. அத்தனை வருடக் கூலியையும் விட்டுக்கொடுத்து, கல்லூரிக்குக் கடனும் வாங்கி, கடைசியில் வேலை அமையாவிட்டால்? வசதியுள்ள வீட்டில் ஒரு வருடம் வீணானது என்று தேற்றிக்கொள்வார்கள். ஏழை வீட்டில் அதற்குள் நகை போயிருக்கும், காணி நிலம் இருந்தால் அதுவும் போயிருக்கும், தங்கையின் படிப்பும் நின்றிருக்கும்.

படிப்பு வறுமையிலிருந்து வெளியேறும் வழிதான். அந்த வழியில் உள்ள ஆபத்து முழுவதையும் ஏழையின் தலையில் கட்டிவிட்டு, அவர் நடுவில் பிள்ளையை நிறுத்தினால் 'அறியாமை' என்கிறோம். எனக்கு அது பயந்து பயந்து, பல இரவு யோசித்து எடுத்த முடிவாகத்தான் தெரிகிறது. அந்த ஆபத்தில் ஒரு பங்கை வேறு யார், எப்படிச் சுமக்கலாம்? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.

#2 கரும்பலகை

வரப்பு சார், உங்கள் கணக்கில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். பிள்ளை பள்ளிக்குப் போவது வேறு, கற்பது வேறு. நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை, தினமும் பார்ப்பதைச் சொல்கிறேன்.

ஐந்தாம் வகுப்புக்கு வந்த ஒரு பையனிடம் 52இலிருந்து 37ஐக் கழிக்கச் சொன்னேன். 25 என்று எழுதினான். எப்படி என்று கேட்டால் தெளிவாகச் சொல்கிறான்: "ஏழுல ரெண்டு போனா அஞ்சு, அஞ்சுல மூணு போனா ரெண்டு." பெரிய எண்ணிலிருந்துதான் சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும் என்று இரண்டாம் வகுப்பில் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறான். கடன் வாங்கிக் கழிப்பதை நடத்திய நாட்களில் அவன் பள்ளிக்கு வரவில்லை. அம்மா வயல் வேலைக்குப் போனதால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்திருக்கிறான். அதற்குப் பிறகு அவனை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க யாருக்கும் நேரம் இல்லை. வகுத்தல் வந்தது, பின்னம் வந்தது, பாடத்திட்டம் ஓடிக்கொண்டே இருந்தது. அவன் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதப் பழகிக்கொண்டான். நோட்டைத் திறந்து பார்த்தால் எல்லாவற்றிலும் சரி போட்டிருக்கும்.

பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளைக் கொடுத்து, ஒரு கட்டைப் பிரித்து இரண்டோடு சேர்க்கச் சொன்னேன். "பன்னெண்டு ஆயிடுச்சு டீச்சர்" என்றான். அப்புறம் நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, தானே கழித்துவிட்டான். அரை மணி நேர வேலை. அந்த அரை மணி நேரம் கிடைக்காமல்தான் மூன்று வருடம் போயிருக்கிறது.

இது ஒரு பையனின் கதை இல்லை. இந்தியக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிப் பார்க்கும் அசர் ஆய்வு 2005 முதல் நடக்கிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேரால்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிகிறது. பெருந்தொற்றுக்குப் பிறகு 2022இல் அது இன்னும் கீழே இறங்கியது.

ஏழை அப்பா கூலியை விட்டுக்கொடுத்து வாங்குவது எதை? பையன் ஐந்தாவது என்று அவர் பெருமையாகச் சொல்கிறார். நாம் அவருக்குக் கொடுப்பது வகுப்பு எண்ணை மட்டும். பத்தாம் வகுப்பில் அந்தப் பையன் தோற்றால், அது பத்தாம் வகுப்பில் நடந்த தோல்வியே அல்ல.

#3 மழைக்குருவி

பெண் பிள்ளைகளுக்கு இதோடு தூரமும் சேர்ந்துகொள்ளும். தொடக்கப் பள்ளி ஊருக்குள் இருக்கும். எட்டாவதோ பத்தாவதோ தாண்டினால் பக்கத்து ஊருக்குப் போக வேண்டும். பேருந்து காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. சிறப்பு வகுப்பு வைத்தால் பேருந்து போய்விடும், இருட்டில் நடந்து வர வேண்டும். அப்பா படிப்புக்கு எதிரி இல்லை, அந்தச் சாலைக்குத்தான் பயப்படுகிறார்.

பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவிகளுக்கு சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் அதை ஆய்வு செய்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்கள் 30 சதவீதத்துக்கும் மேல் கூடினார்கள். உயர்நிலைப் பள்ளி 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த கிராமங்களில்தான் பலன் அதிகம். விழிப்புணர்வுக் கூட்டம் எதுவும் தேவைப்படவில்லை. கூட்டமாகச் சைக்கிளில் போகும் பெண்களைப் பார்த்ததும் ஊருக்கே அது பழகிவிட்டது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

#4 நெடுஞ்சாலை

எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே நிற்கிறீர்கள். நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஏழை படிக்காததால் ஏழையாக இல்லை. நிலம் இல்லாததால், விளைச்சலுக்கு விலை இல்லாததால், உடம்புக்கு வந்தால் கடன் வாங்க வேண்டியிருப்பதால் ஏழையாக இருக்கிறான். அதையெல்லாம் தொடாமல் "படி, மேலே வா" என்றால், வராதவன் தன்னைத்தானே நொந்துகொள்வான். கல்வியால் முன்னேறிய நாடு என்று எல்லோரும் தென் கொரியாவைக் காட்டுகிறார்கள். அங்கே 1950இல் நிலச் சீர்திருத்தம் நடந்தது. குத்தகைக்கு உழுதவர்களில் பெரும்பாலோர் சொந்த நிலத்துக்காரர் ஆனார்கள். குத்தகையாகப் போய்க்கொண்டிருந்த விளைச்சல் வீட்டிலேயே தங்கியது. அந்த மிச்சத்திலிருந்துதான் பிள்ளையைப் படிக்க வைத்தார்கள். கல்லூரிக் கட்டணத்துக்கு உழவு மாட்டை விற்ற குடும்பங்கள் அங்கே ஏராளம். விற்பதற்கு மாடாவது இருந்தது!

பட்டம் வாங்கிவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். இந்தியாவில் வேலையின்மை விகிதம் எழுதப் படிக்கத் தெரியாதவர்களைவிடப் பட்டதாரிகளிடம்தான் அதிகம். படிக்காதவனால் வேலை இல்லாமல் ஒரு வாரம்கூட இருக்க முடியாது, கிடைத்ததைச் செய்வான் என்பது அதற்கு ஒரு காரணம். ஆனாலும் கடன் வாங்கிப் படித்த வீட்டில் அந்தக் காத்திருப்பு எவ்வளவு பெரிய சுமை என்று யோசியுங்கள்.

#5 வரப்பு

மேற்கோள் (நெடுஞ்சாலை): "விற்பதற்கு மாடாவது இருந்தது!"

நான் சொல்ல வந்ததை நீங்கள் என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டீர்கள். கையில் கொஞ்சம் பிடிமானம் இருப்பவர்களால்தான் இந்த ஆபத்தைத் தாங்க முடியும்.

டொமினிகன் குடியரசில் ஒரு சோதனை நடந்தது. எட்டாம் வகுப்புப் பையன்களிடம், பள்ளிப் படிப்பை முடித்தால் எவ்வளவு சம்பாதிக்கலாம் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். பெரும்பாலோர் உண்மையைவிட மிகக் குறைத்துச் சொன்னார்கள். படித்து நல்ல சம்பளத்துக்குப் போனவர்கள் ஊரில் தங்கியிருந்தால்தானே கண்ணில் படுவார்கள்! சில பள்ளிகளில் மட்டும் உண்மையான சம்பள விவரத்தைச் சொன்னார்கள். அடுத்த நான்கு ஆண்டுகளில் அந்தப் பையன்கள் மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலாகப் படித்தார்கள். ராபர்ட் ஜென்சன் 2010இல் வெளியிட்ட ஆய்வு இது. அதில் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிற பகுதி ஒன்று உண்டு. இருப்பதிலேயே ஏழ்மையான வீட்டுப் பையன்களிடம் மாற்றம் ஏறக்குறைய எதுவுமே இல்லை. அவர்களுக்கும் விவரம் தெரிந்துவிட்டது. நம்பவும் செய்தார்கள். காத்திருக்கத்தான் வழி இல்லை.

நிலம் முதலில், படிப்பு அடுத்து என்று வரிசை வைப்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். நிலச் சீர்திருத்தம் வரட்டும் என்று காத்திருந்தால் இப்போது ஏழாவது படிக்கும் பெண்ணுக்கு வயதாகிவிடும்.

#6 இரண்டாம்பிள்ளை

இந்தத் தளத்தில் நான் வெகுநாளாக வாசிக்கிறேன், எழுதுவது இப்போதுதான்.

எங்கள் வீட்டில் படித்து வெளியே வந்தவன் நான். பொறியியல் முடித்து ஒரு தொழிற்சாலையில் இருக்கிறேன். சொந்தக்காரர்கள் எல்லோரும் படிப்பால் முன்னேறினதுக்கு என்னைத்தான் உதாரணம் காட்டுவார்கள்.

அண்ணன் எட்டாவதோடு நின்றவர். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் செங்கல் சூளைக்குப் போனார். என்னைவிட அவருக்குக் கணக்கு நன்றாக வரும். இப்போதும் ஒரு சுவருக்கு எத்தனை கல் பிடிக்கும் என்பதைப் பார்த்தவுடன் சொல்லிவிடுவார், மேஸ்திரி நூல் பிடித்து அளந்தாலும் பெரிதாக மாறாது. அவர் கூலியில்தான் என் விடுதிக் கட்டணம் கட்டினோம். நான் படித்த வருடங்களும் என் சம்பளமும் ஆய்வுக் கணக்கில் வந்துவிடும். அவர் விட்டுக்கொடுத்தது எந்தக் கணக்கில் வரும்? ஒரு குடும்பத்தில் ஒருவர் மேலே வந்ததை மட்டும் பார்த்துப் படிப்பு வென்றுவிட்டது என்று சொல்லும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை.

போன மாதம் வங்கியில் ஒரு படிவத்தை நிரப்பச் சொல்லி என்னிடம் நீட்டினார். தலையைக் குனிந்துகொண்டேதான் நீட்டினார். அதற்கு மேல் எழுத முடியவில்லை.

கேள்வி ஒன்று உண்டு. அண்ணன் மகள் இப்போது ஒன்பதாவது. அண்ணனுக்கு முதுகு வலி, முன்போலத் தினமும் வேலைக்குப் போக முடிவதில்லை. பத்தாவது முடித்ததும் நிறுத்திவிடலாம் என்று வீட்டில் பேச்சு. நான் பணம் தருகிறேன் என்றாலும், "உனக்கும் குடும்பம் இருக்குதில்ல" என்கிறார். என்ன செய்வது?

#7 கணக்குப்பிள்ளை

தம்பி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு எழுதாமல் போக மனம் வரவில்லை. நான் வங்கியில் வேலை பார்த்தவன். கல்விக் கடன் கேட்டு வரும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். கடன் என்பது வரப்பு சொன்ன ஆபத்தைக் குறைக்காது. அதைத் தள்ளிப் போடும், வட்டியும் சேர்க்கும். படிக்கிற வயதில் கையில் வரும் உதவித்தொகைதான் உண்மையில் ஆபத்தைப் பங்கு போட்டுக்கொள்கிறது.

மெக்சிகோவில் 1997இல் புரோகிரெசா என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். கிராமத்து ஏழைக் குடும்பங்களுக்கு, பிள்ளைகள் ஒழுங்காகப் பள்ளிக்குப் போனால் பணம். அதைத் தாயின் கையில் கொடுத்தார்கள். அதை வடிவமைத்தவர்கள் ஒன்றை நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள். பிள்ளை வளர வளர வெளியே கிடைக்கும் கூலியும் கூடும், அதனால் வகுப்பு ஏற ஏறத் தொகையையும் ஏற்றினார்கள். நடுநிலைப் பள்ளி வகுப்புகளில் பெண்களுக்குப் பையன்களைவிட அதிகம். அந்தக் கட்டத்தில்தான் பள்ளியில் சேர்வது நன்றாக உயர்ந்தது, பெண்களிடம் இன்னும் அதிகமாக. பிறகு பல நாடுகள் இதையே பின்பற்றின.

ஒரு சிக்கலும் உண்டு. வருகை குறைந்தால் பணம் நிற்கும் என்று விதி வைத்தால், யாருக்கு மிகவும் தேவையோ அவர்களுக்கே நின்றுபோகும். மலாவியில் இரண்டு விதமாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். நிபந்தனை வைத்த இடத்தில் இடைநிற்றல் அதிகம் குறைந்தது. நிபந்தனை இல்லாமல் கொடுத்த இடத்தில், பள்ளியை விட்டு நின்ற பெண்களுக்கும் பணம் போனதால், சிறு வயதுத் திருமணமும் கருவுறுதலும் குறைந்தன. என்னைக் கேட்டால் நிபந்தனை தளர்வாக இருக்க வேண்டும் என்பேன். இரண்டு வாரம் வராவிட்டால் பணத்தை நிறுத்துவதற்கு முன் யாராவது வீட்டுக்குப் போய் என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டும்.

உங்கள் அண்ணன் தயங்குவது பணத்துக்காக மட்டும் இல்லை. தம்பியிடம் மாதாமாதம் கை நீட்ட வேண்டுமே என்பதுதான் காரணம். மகள் பெயரில் கணக்கு திறந்து, நீங்களே அதில் போட்டுவிடுங்கள். அண்ணனிடம் கொடுப்பதாகவே இருக்க வேண்டாம்.

#8 நெடுஞ்சாலை

இரண்டாம்பிள்ளை, வணக்கம். உங்கள் அண்ணனைப் போன்றவர்களைப் பற்றித்தான் நான் பேசிக்கொண்டிருந்தேன். இந்த இழை முழுக்க வெளியே போகிறவர்களைச் சுற்றியே ஓடுகிறது. ஊரிலேயே இருந்து உழைக்கப் போகிறவர்களுக்குப் படிப்பு எதற்கு?

அதற்கும் ஆதாரம் இருப்பதால் சொல்கிறேன். பசுமைப் புரட்சிக் காலத்தில், புதிய விதைகள் நன்றாக வேலை செய்த இந்தியப் பகுதிகளில் தொடக்கக் கல்வி பெற்ற விவசாயிகள் மற்றவர்களைவிட அதிக லாபம் பார்த்தார்கள் என்று ஃபாஸ்டரும் ரோசன்ஸ்வெய்க்கும் 1996இல் காட்டினார்கள். பழைய முறையே தொடர்ந்த இடத்தில் அந்த வித்தியாசம் அவ்வளவு தெரியவில்லை. புதிதாக ஒன்று வரும்போதுதான் படித்தவனுக்குப் படிப்பு கைகொடுக்கிறது. பூச்சிமருந்து டப்பாவில் எத்தனை மில்லி என்று வாசிப்பது, எடை போடும் இடத்தில் கணக்கைச் சரிபார்ப்பது, கைநாட்டு வைக்கும் முன் தாளில் இருப்பதைப் படிப்பது, இதெல்லாம் வெளியூர் வேலைக்கு மட்டுமா தேவை? பள்ளியில் இவற்றைச் சொல்லித்தருவதை யாரும் தாழ்வாக நினைக்கக் கூடாது.

#9 மழைக்குருவி

வேலையைப் பற்றியும் ஒன்று. டெல்லியைச் சுற்றியுள்ள கிராமங்களில் சிலவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து, அழைப்பு மையம் போன்ற வேலைகளுக்குப் பெண்களைச் சேர்க்க ஆள் அனுப்பினார்கள், மூன்று ஆண்டுகள் தொடர்ந்து. அந்த ஊர்களில் இளம்பெண்கள் வேலைக்குப் போவதும் பயிற்சிக்குச் சேர்வதும் கூடியது, திருமணமும் குழந்தைப்பேறும் தள்ளிப்போயின. சிறுமிகளைப் பள்ளிக்கு அனுப்புவதும் கூடியது. இதுவும் ஜென்சன் ஆய்வுதான், 2012இல் வந்தது. பள்ளியில் யாரும் எதையும் மாற்றவில்லை. அக்கா ஒருத்தி சம்பளம் வாங்கிவருவதைப் பக்கத்து வீடு பார்த்தது, அவ்வளவுதான்.

ஆகவே நெடுஞ்சாலை சொல்வதுபோல வேலை இல்லாமல் படிப்பு மட்டும் போதாதுதான். ஆனால் வேலை கண்ணுக்குத் தெரிந்தால் ஏழைக் குடும்பம் தானே படிக்க வைக்கிறது.

#10 கரும்பலகை

இரண்டாம்பிள்ளை தம்பி, உங்கள் கேள்விக்கு என்னால் முடிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், நிறுத்துவதா வேண்டாமா என்ற பேச்சை இப்போதே முடிக்க விடாதீர்கள். பத்தாவது முடிவு வந்த வாரத்தில்தான் பல வீடுகளில் முடிவெடுக்கிறார்கள். அப்போது விண்ணப்பத் தேதி ஓடிக்கொண்டிருக்கும், சான்றிதழ் எதுவும் கையில் இருக்காது, யாரிடம் கேட்பது என்றும் தெரியாது. படித்த வீட்டில் அப்பாவோ மாமாவோ இந்த வேலையைச் செய்துவிடுவார்கள். முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளைக்கு அதைச் செய்ய ஆள் இல்லை. நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள்கூட ஒரு வருமானச் சான்று தாமதமானதால் உதவித்தொகையை இழந்ததைப் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டில் அந்த ஆள் நீங்கள்தான். சான்றிதழ்களில் பெயர், பிறந்த தேதி எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இந்த விடுமுறையிலேயே பாருங்கள். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் கடைசி நேரத்தில் அலைய வைப்பார்கள். பக்கத்தில் எந்த விடுதியில் இடம் உண்டு, எந்த உதவித்தொகைக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்று அவளுடைய தலைமையாசிரியரிடம் நேரில் கேளுங்கள். போனில் சரியாகச் சொல்ல மாட்டார்கள்.

அடுத்து, கணக்குப்பிள்ளை ஐயா சொன்னது ரொம்பச் சரி. பணத்தை அவள் பெயரில் போடுங்கள். அண்ணனையும் இந்த வேலைக்குள் கொண்டுவாருங்கள். ஒன்பதாம் வகுப்பில் பரப்பளவும் கன அளவும் வரும். சுவருக்குக் கல் கணக்குப் போடுகிறவருக்கு அது தெரியாததா? எழுத்தில் சொல்லத் தெரியாவிட்டாலும் மகளுக்குச் செங்கல்லை வைத்துச் சொல்லிக்கொடுக்க அவரால் முடியும். எனக்கு இதில் முழு நம்பிக்கை இருக்கிறது.

மூன்றாவது, மதிப்பெண் அட்டையை நம்பாதீர்கள். அவளோடு உட்கார்ந்து, பின்னம், சதவீதம், எதிர்ம எண்கள் இந்த மூன்றிலிருந்தும் எளிதான கணக்காகத் தலா நான்கைந்து கொடுத்துப் பாருங்கள். விடை தப்பாக இருந்தால் உடனே திருத்த வேண்டாம், எப்படிப் போட்டாள் என்று கேட்டு, அவள் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அதை இங்கே போடுங்கள். எந்த வகுப்பில் விட்டது, எங்கிருந்து பிடிக்க வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன். பத்தாவது தேர்வுக்கு இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறது, நேரம் போதும்.

#11 இரண்டாம்பிள்ளை

நன்றி அக்கா, ஐயாவுக்கும் நன்றி. சான்றிதழ்களைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி அவளிடம் பேசிவிட்டேன். பிறப்புச் சான்றில் தலைப்பெழுத்தே இல்லை, பள்ளிப் பதிவில் இருக்கிறது. இதைத் திருத்த முதலில் எங்கே போக வேண்டும், பள்ளிக்கா, பதிவு அலுவலகத்துக்கா?

#12 கரும்பலகை

பதிவு அலுவலகத்துக்கு முதலில் போங்கள். பள்ளிப் பதிவை அத்தாட்சியாகக் காட்ட வேண்டிவரும், அதனால் தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கிய ஒரு பிரதியையும் எடுத்துப் போங்கள். அண்ணனையும் கூட்டிக்கொண்டு போங்கள், பெற்றோர் கையெழுத்து கேட்பார்கள். கணக்குத் தாளை மறக்க வேண்டாம்.